முகத்தில் போட்ட கையெழுத்து

மைக் டைசனின் முகம் ஞாபகம் இருக்கிறதா? இடது கண்ணைச் சுற்றிக் கறுப்பாக, கத்தி முனை மாதிரி வளைந்து போகுமே ஒரு பச்சை... 2003 பிப்ரவரியில், ஒரு குத்துச்சண்டைக்குச் சில நாள் முன்னால் குத்திக்கொண்டது. முதலில் முகத்தில் இதயம் இதயமாகப் போடச் சொன்னாராம் மனுஷர்! பச்சை குத்தும் கலைஞர் விக்டர் விட்மில்தான் அதைத் தவிர்த்து, இந்த டிசைனை வரைந்து கொடுத்தார்.

எட்டு வருஷம் கழித்து, 2011 மே மாதம், 'தி ஹேங்ஓவர் பார்ட் 2' என்று ஒரு ஹாலிவுட் காமெடி வந்தது. கல்யாண மாப்பிள்ளை பாங்காக்கில் போதை தெளிந்து எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், முகத்தில் அச்சு அசல் டைசன் பச்சை. எல்லோரும் சிரித்தார்கள். விட்மில்லுக்குச் சிரிப்பு வரவில்லை. 'டிசைன் என்னுடையது, என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம்?' என்று படம் வரும் முன்பே வார்னர் பிரதர்ஸ் மீது கேஸ் போட்டுவிட்டார். உரிமை அவருடைய ஸ்டுடியோவுக்கே என்று டைசனும் 2003-லேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். படத்தைத் தடை செய்ய நீதிபதி மறுத்தார். ஆனால், விட்மில் ஜெயிக்க வலுவான வாய்ப்பு இருக்கிறது என்றார். அடுத்த மாதமே இரண்டு தரப்பும் சமரசமாகப் போய்விட்டன. சுபம்.

எனக்கு இடிப்பது இங்கேதான். அந்த டிசைனைப் பார்த்ததும் நியூஸிலாந்தின் மாவோரி மக்கள் முகத்தில் இடும் 'மோகோ' ஞாபகத்துக்கு வரும். பாட்டன் வீட்டுச் சொத்தை வைத்துப் பேரன் அல்லாத ஒருவர் பட்டா கேட்டது மாதிரி இல்லையா இது? மாவோரிகள் தரப்பிலிருந்து அப்போதே இந்தக் கேள்வி வந்தது. கோர்ட்டில் அதைக் கேட்க ஆளில்லை.

மோகோ என்றால் அழகுக்குப் போடும் பூ வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்பட்ராஸ் பறவையின் எலும்பில் செய்த சின்ன உளியை முகத்தில் வைத்துத் தட்டித் தட்டி, மரத்தில் செதுக்குவது மாதிரியே தோலில் வாய்க்கால் வாய்க்காலாகச் செதுக்கிக் கரியை இறக்குவார்கள். உதடெல்லாம் வீங்கி, சாப்பிட வாய் திறக்காது. கூழாகக் கரைத்து மரப் புனல் வழியாக ஊற்ற வேண்டும். ஆண்களுக்கு முகம் முழுக்க, பெண்களுக்கு உதட்டிலும் முகவாயிலும். இன்னார் வம்சம், இன்ன அந்தஸ்து என்று அந்தக் கோடுகள் சொல்லும். ஒருவர் மோகோ மாதிரி இன்னொருவர் மோகோ இருக்காது.

தே பெஹி குபே என்று ஒரு மாவோரித் தலைவர் 1826 வாக்கில் இங்கிலாந்தில் இருந்தார். தன் மோகோவைக் கண்ணாடி பார்க்காமலே, ஒரு கோடு விடாமல் காகிதத்தில் வரைந்து காட்டினாராம். நீங்கள் பேனாவால் எழுதுகிற பெயர் எனக்கு முகத்தில் இருக்கிறது என்றும் விளக்கியிருக்கிறார். 1840-ல் பிரிட்டிஷ் அரசோடு போட்ட வைதாங்கி ஒப்பந்தத்திலும் சில தலைவர்கள் மோகோவின் ஒரு பகுதியையே கையெழுத்தாக வரைந்தார்கள். பேங்கில் நாம் கொடுக்கிறோமே மாதிரிக் கையெழுத்து... அதை அவர்கள் முகத்திலேயே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. மதாவோரா என்பவன் கோபத்தில் மனைவியை அடித்துவிட்டான். அவள் பாதாள உலகத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் தேடிப் போனான். அவன் முகத்தில் இருந்ததோ வெறும் சாயத்தில் தீட்டிய கோலம். வழியில் வேர்வையில் கலைந்துபோயிருந்தது. அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமனார் ஒரே துடைப்பில் மிச்சத்தையும் அழித்துவிட்டு, உளியை எடுத்து நிஜ மோகோவைச் செதுக்கினார். வலியைப் பொறுத்து, புத்தி தெளிந்து, மனைவியோடு ஊர் திரும்பினான்.

சரித்திரம் இந்தக் கதை மாதிரி நல்லபடியாக முடியவில்லை. இறந்தவரின் தலையை மோகோவோடு பதப்படுத்தி மரியாதையாக வைத்திருப்பது மாவோரி வழக்கம். ஐரோப்பியர்கள் அதையும் சந்தைப்பொருள் ஆக்கினார்கள். தலை கொடுத்தால் துப்பாக்கி! விற்பதற்காகவே அடிமைகளுக்குப் பச்சை குத்திக் கொன்றதும் நடந்தது. 1831-ல் சிட்னியிலிருந்த கவர்னர் இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டார். ஆனால், தலைகள் அதற்குள் உலக மியூசியங்களில் போய் உட்கார்ந்துவிட்டன. அவற்றை மீட்கும் திட்டத்தை நியூஸிலாந்தின் தேசிய மியூசியம் தொடங்கியது 2003-ல். ஆமாம், டைசன் பச்சை குத்திக்கொண்ட அதே வருஷம். பிரான்ஸின் ரூவான் நகர மியூசியம் 1875 முதல் வைத்திருந்த ஒரு தலையைத் திருப்பிக் கொடுத்தது 2011 மே மாதம். அமெரிக்காவில் டைசன் முகத்து டிசைன் யாருடையது என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்த அதே மாதம்!

கலை என்று பார்த்தால் விட்மில்லின் டிசைன் மோசமில்லை. முகத்தின் வளைவு தெரிந்து போட்டிருக்கிறார், மிரட்டுகிறது. ஆனால், மிரட்டுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். யார், எவர், எந்த ஊர் என்று கேட்டால் வாய் திறக்காது. மதாவோரா முதலில் தீட்டிக்கொண்டு போனானே, அந்த ரகம்.

டாட்டூ கடை ஆல்பங்களில் 'டிரைபல்' என்று ஒரு பகுதி பார்த்திருப்பீர்கள். மாவோரி, சமோவா, போர்னியோ என்று எத்தனையோ மக்களின் கோடுகளை ஒரே மிக்ஸியில் போட்டு அடித்த சட்னி அது. ஊர் பேர் இல்லாவிட்டால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே.

அப்போ மற்றவர்கள் குத்திக்கவே கூடாதா என்கிறீர்களா? அந்தப் பாணி பிடித்திருக்கிற வெளியாட்களுக்காகவே 'கிரிதுஹி' என்று ஒரு வகையை மாவோரிக் கலைஞர்கள் வைத்திருக்கிறார்கள். அதே அழகு, ஆனால் வம்சக் கணக்கு இருக்காது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மோகோ மட்டும் உரியவர்களுக்கு. 2020-ல் நியூஸிலாந்தின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரான நனாயா மஹுதாவின் முகவாயில் இருப்பது அந்த மோகோதான்.

அதனால், அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை 'டிரைபல் போட்டுக்கட்டுமா?' என்று வந்து நின்றால் திட்டாதீர்கள். 'இது யாரோடதுன்னு கேட்டியாப்பா?' என்று மட்டும் கேளுங்கள். அடுத்தவர் கையெழுத்தைச் செக்கில் போட்டால் ஃபோர்ஜரி என்று பிடித்து உள்ளே தள்ளுவார்கள். தோளில் போட்டால் மட்டும் ஃபேஷனா?