மார்ட்டின்ஸ் கோவ்: சொல்லும் கதையும் செய்யும் வேலையும்

மார்மன் சபை என்றதும் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப்பட்டையோடு இருவர் இருவராக நடந்துபோகும் இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அதே சபையில் இன்னொரு வகை ஊழியர்களும் உண்டு. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றபிறகு கணவன் மனைவியாக ஊழியத்துக்குக் கிளம்புகிறவர்கள். 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை போகலாம். சம்பளம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சொந்தக் கைக்காசு. ஐயாவை 'எல்டர்' என்றும் அம்மாவை 'சிஸ்டர்' என்றும் கூப்பிடுவார்கள்.

இவர்கள் எல்லாரும் பிரசங்கம் பண்ணப் போவதில்லை. சிலர் சபையின் வரலாற்றுத் தலங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், காஸ்பர் நகருக்குத் தென்மேற்கே இருக்கும் மார்ட்டின்ஸ் கோவ் அப்படி ஒரு தலம். அங்கே ஒரு தம்பதியின் நாள் எப்படிப் போகிறது, அந்த நாளுக்கும் அவர்கள் சொல்லும் கதைக்கும் என்ன உறவு என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கதை. ஐரோப்பாவில் மதம் மாறிய ஏழைகளை யூட்டாவுக்குக் கொண்டுவர மாட்டுவண்டிக்குப் பணம் போதவில்லை. ஆளே இழுத்துப்போகும் கைவண்டி போதும் என்று தலைவர் பிரிகாம் யங் முடிவு செய்தார். 1856 முதல் 1860 வரை 10 குழுக்கள், சுமார் 3,000 பேர் அப்படி நடந்தார்கள். 1856-ல் வில்லி, மார்ட்டின் என்ற இருவர் தலைமையில் வந்த குழுக்கள் மட்டும் மிகவும் தாமதமாகக் கிளம்பின. வண்டிகள் தயாராக இல்லை. செய்ததும் பச்சை மரத்தில். அக்டோபர் 19 அன்று பனிப்புயல் பிடித்துக்கொண்டது. யங்குக்குச் சேதி கிடைத்து, 7-ஆம் தேதியே சால்ட் லேக்கிலிருந்து முதல் மீட்புக்குழு கிளம்பியிருந்தது. அப்படியும் இரண்டு குழுக்களிலுமாக 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மார்ட்டின் குழு குளிருக்கு ஒதுங்கிய மலைமடிப்புதான் இந்த இடம்.

இப்போது நாள். கோடையில் பதின்வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். அந்தக் கால உடையில் கைவண்டி இழுத்து, முன்னோர் பட்ட பாட்டைக் கொஞ்சமாவது உடம்பால் உணர்வது நோக்கம். வண்டியை எடுத்துக் கொடுப்பது, உடைந்த சக்கரத்தைச் சரிபண்ணுவது, வெயிலில் சோர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது, கழிப்பறை கழுவுவது, பாதையைச் செப்பனிடுவது எல்லாம் இந்தத் தாத்தா பாட்டிகளின் வேலை. பலர் தங்குவது சொந்தமாகக் கொண்டுவந்த இழுவை வீடுகளில். காற்று ஓயாத ஊர் வேறு. இதற்கு நடுவில் ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரையில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஆற்றைக் கடந்த கதையில்தான் சிக்கல். சபையார் தலைமுறைகளாகச் சொல்லிவருவது இது: பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் 18 வயதுப் பையன்கள் மூன்றே பேர் இறங்கி, ஏறக்குறைய குழு முழுவதையும் தூக்கிக் கரைசேர்த்தார்கள், அந்தக் குளிரின் பாதிப்பிலேயே பிறகு மூவரும் இறந்தார்கள். கேட்டால் கண் கலங்கும். ஆனால் சபையின் வரலாற்றுத் துறையிலேயே பணிபுரிந்த சாட் ஆர்ட்டன் 2006-ல் பி.ஒய்.யூ. ஸ்டடீஸ் இதழில் எழுதிய கட்டுரை இதைப் பிரித்து மேய்ந்துவிட்டது. தூக்கியவர்கள் மூவர் மட்டும் இல்லை. எல்லாருக்கும் 18 வயதும் இல்லை. பலர் தூக்கப்படாமல் தாங்களே கடந்திருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவர் அதற்குப்பின் சுமார் 40 ஆண்டு உயிரோடு இருந்தார்.

"தலபுராணம் என்றால் அப்படித்தான் இருக்கும், விடுங்கள்" என்று சொல்லலாம். எனக்கும் பாதி சம்மதம்தான். கோயிலில் கதை சொல்கிறவரிடம் போய் யாரும் கல்வெட்டு ஆதாரம் கேட்பதில்லை. ஆனால் இங்கே இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, மார்ட்டின்ஸ் கோவ் அமெரிக்க அரசின் பொதுநிலம். பக்கத்துப் பண்ணையைத்தான் சபை வாங்கியது. கோவ்-ஐ 2003-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி 25 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. பொது நிலத்தின் கதையை ஒரு சபையின் கையில் கொடுக்கலாமா என்று வழக்கே நடந்து, 2006-ல் சமரசமாக முடிந்தது. ஆக, கேட்கிறவர்கள் எல்லாரும் பக்தர்கள் இல்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். மீட்பை மட்டும் பெரிதாக்கினால், மீட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வி சின்னதாகிவிடுகிறது. ஆகஸ்டில் ஃபுளோரன்ஸ் என்ற இடத்தில் வில்லி குழு கூடிப் பேசியபோது, லீவை சாவேஜ் என்பவர் இந்தப் பருவத்தில் போகவேண்டாம், வயதானவர்களும் குழந்தைகளும் தாங்கமாட்டார்கள் என்று எச்சரித்தார். எடுபடவில்லை. சரி, நானும் உங்களோடு வருகிறேன் என்று கூடவே போனார். சபையார் இதை மறைப்பதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பெரும்பாலும் அவருடைய விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் சொன்னது சரியாக இருந்ததே, அதை ஏன் கேட்கவில்லை? பிரிகாம் யங்கே அந்த நவம்பரில், குழுக்களை அனுப்பிவைத்த பொறுப்பாளர்களை மேடையில் வைத்துக் கண்டித்தார். 1856-லேயே கேட்கப்பட்ட கேள்வியை இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

அதே இடத்தில் நடந்த, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு சம்பவம் உண்டு. மீட்புக்குழு கிளம்பும்போது, பின்னால் வந்த வண்டிக் குழுக்களின் சாமான்களை ஏற்ற இடமில்லை. டெவில்ஸ் கேட் பக்கத்தில் ஒரு பழைய வணிகக் கோட்டையில் அவற்றை இறக்கிவைத்துவிட்டு, டேனியல் ஜோன்ஸ் என்பவரையும் சுமார் 20 ஆட்களையும் காவலுக்கு விட்டுப்போனார்கள். குளிர்காலம் முழுக்க அவர்கள் அங்கேயே கிடந்தார்கள். உணவு தீர்ந்தபோது மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். யாரையும் ஆற்றில் தூக்கவில்லை. அடுத்தவர் மூட்டையைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மூத்த தம்பதிகளின் உண்மையான முன்னோடிகள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீட்பு என்பதே மூன்று பையன்கள் ஒரு மதியத்தில் செய்த சாகசம் இல்லை. மாவு கொடுத்தவர்கள், போர்வை கொடுத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், காவல் கிடந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் செய்த வேலை அது. ஆர்ட்டனின் ஆய்வு கதையைச் சின்னதாக்கவில்லை. அதில் நிறையப் பேருக்கு இடம் கொடுக்கிறது. சக்கரம் பூட்டி, கழிப்பறை கழுவி, தண்ணீர் சுமந்து நாளைக் கழிக்கும் ஒரு எல்டருக்கும் சிஸ்டருக்கும் இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் அதையே சொல்லிப் பார்க்கலாம்.