அனுமதியில் தொடங்கும் பயம்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை ரோபோ நாய்க்குட்டிக் கதை என்று ஒதுக்குபவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. தமிழில் சர்வாதிகாரத்தைப் பற்றி இத்தனை நுட்பமாகப் பயமுறுத்தும் நாவலை நான் வேறு படித்ததில்லை.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பதோ இந்த 2020களில். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. யாருக்கும் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. முதியவர்கள் உயிரோடிருக்க முடியாது. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும்.

இப்படியொரு கதையைச் சிறையிலோ சித்திரவதைக் கூடத்திலோ தொடங்கத்தான் கை போகும். சுஜாதா தொடங்குவது ஒரு நல்ல செய்தியில். நிலாவுக்குக் குழந்தை பெற அனுமதி கிடைக்கிறது, பூரித்துப் போகிறாள். அந்தச் சந்தோஷம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. ஒரு கணம் கழித்துத்தான் உறைக்கிறது, தாயாவதற்கு ஒருவரிடம் அனுமதி வாங்கிவிட்டு அவள் மகிழ்ந்து நிற்கிறாள் என்பது. இந்த ஒரு கணத் தாமதம்தான் நாவலின் உச்சம். பிறகு கணவன் சிபி காணாமல் போகிறான்.

ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலில், நாட்டை ஆள்வதாகச் சொல்லப்படும் பெரியண்ணன் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. சுஜாதா திரையை விலக்கியே விடுகிறார். ஜீவா வெறும் ஹோலோகிராம். ஒளியாலான பிம்பத்திடம் யார் போய் நியாயம் கேட்பது?

அனுப்பம்பட்டு, பழவேற்காடு பக்கத்து வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல்வழியே வந்த பிறகு, கடலோர மீனவர்களுக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை வந்தது. காரணங்கள் நியாயமானவைதான். விதித்தவரைத்தான் நேரில் பார்க்க முடியாது. ஆனால் இதே பழவேற்காடு ஏரியில் காலங்காலமாகப் 'பாடு' முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைக்கிறது. எல்லாருக்கும் அதில் இடமில்லை என்ற குறை உண்டு. அதுவும் ஆளை எண்ணும் கணக்குதான். என்றாலும் கணக்கு வைத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், சண்டை போடலாம். நிலாவுக்கு அது வாய்க்கவில்லை.

பிற்பாதியில் சாகசம் மிகுந்து அந்த அன்றாடப் பயம் மங்கிவிடுகிறது. இதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வில் இன்னும் மங்குகிறது. இரண்டையும் தாங்குவது ஜீனோதான். மனிதர்கள் கீழ்ப்படியப் பழகிய நாட்டில் படிப்பதும் யோசிப்பதும் கேள்வி கேட்பதும் அந்த இயந்திர நாய்.

ஜீனோவுக்காகப் பிள்ளைகளிடம் இந்நாவலைக் கொடுங்கள். நீங்கள் முதல் அத்தியாயத்தை மட்டும் நிதானமாக இரண்டு முறை படியுங்கள்.