காஷெல் தொகுதியும் அதன் உறுப்பினர்களும்

அயர்லாந்தின் திப்பெரரி மாவட்டத்திலுள்ள காஷெல், பண்டு மன்ஸ்டர் மன்னர்களின் தலைநகர். பிரித்தானிய வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் பெரும்பாலும் ஒரே வரியில் தோன்றி மறையும். பிற்காலத்தில் தலைமை அமைச்சரான இராபர்ட் பீல், 1809-ல் இங்கிருந்துதான் முதன்முதலாகப் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதே அவ்வரி. ‘தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்னும் சொல்லே ஈண்டு ஆராயத்தக்கது.

பீலுக்கு அப்போது வயது 21. வாக்காளரோ 24 பேர். நகராண்மைக் கழகம் பென்னிஃபாதர் குடும்பத்தின் கைக்குள் இருந்தது. மகனுக்காகத் தந்தை பொருள் கொடுத்தார். அயர்லாந்தின் தலைமைச் செயலாளராயிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பிற்கால வெலிங்டன் கோமகன், துணை நின்றார். பாராளுமன்ற இடங்களை விற்பதைத் தடுக்கும் சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டது உண்மையே. ஆயினும் 1812 வரை பீலே காஷெலின் உறுப்பினர். இதில் வியப்பென்ன? 1800-ல் இருநாட்டுப் பாராளுமன்றங்களையும் இணைக்க முடிவு செய்தபோது, உரிமை இழந்த 84 நகரத் தொகுதிகளுக்குத் தலைக்கு 15,000 பவுன் இழப்பீடு வழங்கினார்கள். அப்பணம் பெரும்பாலும் சென்றது வாக்காளரிடமன்று. தொகுதியைத் தம் சொத்தாக ஆண்ட பிரபுக்களிடம்!

கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர்வதை நெடுநாள் எதிர்த்த பீல், 1829-ல் வெலிங்டனோடு சேர்ந்து அவ்வுரிமையைத் தாமே சட்டமாக்க நேர்ந்தது. 1832-ன் சீர்திருத்தம் 10 பவுன் மதிப்புள்ள வீட்டில் குடியிருப்போர்க்கு வாக்களித்தது. 1835-ல் காஷெலின் உறுப்பினரானவர் ஸ்டீபன் உல்ஃப் என்னும் கத்தோலிக்க வழக்கறிஞர். பின்னர் உயர்நீதிபதியாகவும் விளங்கிய இவரைப் பீலின் வரலாற்றாசிரியர்கள் காஷெலோடு சேர்த்து நினைப்பதில்லை. பட்டியலில் சிறந்த பெயர் இவருடையதே என்பது என் கருத்து.

1868-ல் வென்ற ஜேம்ஸ் ஒபெய்ர்னின் தேர்தல் வழக்குமன்றத்தில் செல்லாதாயிற்று. விசாரணைக் குழு கையூட்டைக் கண்டது. 1870-ல் ஸ்லைகோவோடு காஷெலும் தன் உறுப்பினரை இழந்தது. இம்முறை இழப்பீடு என்ற பேச்சே இல்லை. இதைக் கொண்டு ‘ஊழல் மலிந்த ஊர்’ என்று முத்திரையிடுவோர் உளர். பணம் ஒரு குடும்பத்திற்குச் சென்றபோது அது ஏற்பாடு; எளிய குடிகளின் கைக்கு வந்தபோது குற்றம். குடிகள் செய்தது சரியென்று நான் வாதிடவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். அக்குடிகள் நிலக்கிழாரும் கடன் கொடுத்தவரும் கேட்க, வாய்விட்டுச் சொல்லியே வாக்களித்தனர். மறைவாக வாக்களிக்கும் முறை 1872-ல் வந்தபோது, காஷெலுக்கென்று ஓர் உறுப்பினர் இல்லை.