பாட்டிலில் எத்தனை கிராம்?

2023 ஏப்ரல் 17, பாஸ்டன் மாரத்தான். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி, மேசையில் தனக்காக வைக்கப்பட்டிருந்த பாட்டிலை எடுக்கக் கை நீட்டினார் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே. பாட்டில் கையில் சிக்கவில்லை. சற்று நேரத்தில் முன்னணிக் கூட்டம் அவரை விட்டுப் போனது. 2 மணி 9 நிமிடம் 23 விநாடியில் ஓடி ஆறாவதாக வந்தார். இடது காலில் ஏற்பட்ட சிக்கலைத்தான் அவர் காரணமாகச் சொன்னார். ஒரு பாட்டிலின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் எழுந்துவிட முடியாது. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்து நெட்டோட்டக்காரர்கள் பதறியதற்குக் காரணம் உண்டு. அந்த இடத்தில் தவறவிடுவது தண்ணீர் மட்டுமல்ல, எரிபொருளும்கூட.

தசையிலும் கல்லீரலிலுமாக நாம் சேமித்து வைக்கும் கிளைகோஜன் ஏறத்தாழ 500 கிராம். கலோரியில் சொன்னால் சுமார் 2,000. ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 70 கிலோ மனிதர் மாரத்தானை முடிக்க 2,950 கலோரி வேண்டும். கொழுப்பும் எரிந்து கைகொடுக்கும்தான், ஆனால் வேகமாக ஓட ஓட மாவுச்சத்தின் பங்கே ஏறும். இருப்பு கரையும்போது கால்கள் ஈயமாகின்றன. ஓட்டக்காரர்கள் ‘சுவரில் முட்டினேன்’ என்பது இதைத்தான்.

இதை முதலில் அளந்து காட்டியதும் அதே பாஸ்டன்தான். 1924இல் மாரத்தானை முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். மிகவும் தளர்ந்து வந்து சேர்ந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை படுபாதாளத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டக்காரர்களுக்கு வழியில் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆட்களும் தெம்பாக வந்தார்கள். ஆக, இன்று ஓட்டத்தின் நடுவே விழுங்கும் சர்க்கரைக் கூழான ஜெல்லுக்கு மூதாதை மிட்டாய். 1980களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில், சுமார் 90 கிலோமீட்டர் நீளும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்காக விளையாட்டு அறிவியலாளர் டிம் நோக்ஸும், அதை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸும் சேர்ந்து பாக்கெட்டில் அடைத்த ஜெல்லுக்கு வழி செய்தார்கள். அதே நோக்ஸ் பிற்காலத்தில் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் உணவுமுறையின் பெரிய பிரச்சாரகராக மாறியது தனிக் கதை.

இன்று கடையில் போய் நின்றால் மாம்பழம், எலுமிச்சை, காபி என்று சுவைக்கு ஒரு வரிசை, பிராண்டுக்கு ஒரு வரிசை. உறையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டுதான்: எத்தனை கிராம், என்ன சர்க்கரை.

குடல் ஒரு சுங்கச்சாவடி மாதிரி. குளுக்கோஸுக்கு ஒரு தடம், ஃப்ரக்டோஸுக்கு வேறொரு தடம். குளுக்கோஸ் தடத்தில் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் கடக்கும். அதற்கு மேல் ஊற்றினால் வயிற்றில் தேங்கி உப்புசம், குமட்டல், கடைசியில் கழிப்பறை. உறையில் காணும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் குளுக்கோஸ் சங்கிலிதான். இனிப்பு குறைவு என்பதால் திகட்டாது, ஆனால் போவது அதே தடத்தில். ஃப்ரக்டோஸையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டாவது தடமும் திறந்து மணிக்கு 90 கிராம் வரை உள்ளே போகும் என்பதை விளையாட்டு ஊட்டச்சத்து ஆய்வாளர் அஸ்கர் யூகென்ட்ரப்பும் சகாக்களும் 2004 முதல் வரிசையாக நடத்திய சோதனைகளில் காட்டினார்கள். உறையில் ‘2:1’ அல்லது ‘1:0.8’ என்று அச்சடித்திருப்பது இந்தக் கலவை விகிதத்தைத்தான். மணிக்கு 60 கிராமுக்குள் நிற்பவருக்கு இந்த விகிதத்தால் பெரிய லாபம் இல்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இப்போது 120 கிராம் மோகத்துக்கு வருவோம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் வீரர்கள் மணிக்கு 120 கிராம் உள்ளே தள்ளுகிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஐந்து மணி நேரத்தில் மாரத்தான் முடிப்பவரும் அதே எண்ணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்கிறார். சைக்கிளில் வயிறு குலுங்குவதில்லை, ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும். அதைவிட முக்கியம், எரிக்கும் வேகம். 55 கிலோ எடையுள்ள முன்னணி வீரர் இரண்டு மணி நேரத்தில் மாரத்தானை முடித்தால் மணிக்கு 1,160 கலோரி எரிக்கிறார். நம் 70 கிலோ நண்பருக்கு ஐந்து மணி நேரம் என்றால் மணிக்கு 590. அவர் 120 கிராம் சாப்பிட்டால் அதுவே 480 கலோரி. கொழுப்பும் சேமிப்பும் உடலில் சும்மா கிடக்க, குடலை மட்டும் ஏன் வதைக்க வேண்டும்? அவருக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் தாராளம். ஐந்து மணி நேரத்துக்கு மொத்தம் 300 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றுக்கு 22 கிராம் வீதம் பதினான்கு ஜெல். பை கனக்கும், பர்ஸ் இளைக்கும். அதனால்தான் பாதியைப் பானமாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஜெல் வாங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு 2004இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வைச் சொல்ல வேண்டும். சுமார் ஒரு மணி நேரச் சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கரைசலை விழுங்காமல் வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். அதற்கே ஏறக்குறைய 3 சதவீதம் வேகம் கூடியது. வாயில் பட்டதுமே மூளை ‘எரிபொருள் வருகிறது’ என்று நம்பிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் போட்டிக்கு இவ்வளவு போதும்.

ஜெல்லில் பலர் சறுக்குவது தண்ணீரில். கெட்டியான ஜெல்லைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால், அதை நீர்க்கச் செய்ய உடலே குடலுக்குள் தண்ணீரை இழுத்துவிடும். பாக்கெட்டுக்கு ஒரு டம்ளராவது வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும். விளையாட்டுப் பானத்தோடு சேர்த்து விழுங்கினால் கரைசல் இன்னும் அடர்த்தியாகி வயிறு புரளும். 60 மில்லி அளவில் நீர்க்க வரும் ஐசோடானிக் ஜெல்லுக்கு இந்தத் தொல்லை குறைவு. சுமக்க மட்டும் இடம் வேண்டும்.

கிப்சோகேயின் பாட்டிலில் இருந்ததாகப் பேசப்படும் ஸ்வீடன் நாட்டு மார்ட்டன் பானம் வேறு வகை. ஆல்ஜினேட்டும் பெக்டினும் சேர்ந்து வயிற்று அமிலத்தில் கூழாகி, சர்க்கரையைப் பொதிந்துகொண்டு போகும் என்பது அதன் கணக்கு. 2019 அக்டோபரில் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1:59:40இல் ஓடியபோதும் அதைத்தான் குடித்தார். ஆனால் அதே அளவு சர்க்கரை கலந்த சாதாரணப் பானத்தோடு ஒப்பிட்ட பெரும்பாலான ஆய்வுகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. வயிறு ஒத்துக்கொண்டால், கையில் காசும் இருந்தால் வாங்கலாம்.

நம்மூர்ப் பழக்கங்களில் ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். ஓடும்போது பலர் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். எரிபொருள் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ். மணிக்கு 60 கிராம் எடுக்க நாலரை லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும்! வயிற்றுப்போக்கில் உப்பையும் நீரையும் மீட்பதற்காகச் செய்த மருந்து அது. இளநீரும் அப்படித்தான்: சர்க்கரை கொஞ்சம், பொட்டாசியம் நிறைய, வியர்வையில் அதிகம் போகும் சோடியமோ குறைவு. ஓடி முடித்தபின் குடிக்க அருமையானது. கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் நகரும்.

சமையலறைச் சர்க்கரைக்கு இந்த விஷயத்தில் யாரும் மரியாதை தருவதில்லை. அது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இரண்டு தடமும் தானாகவே திறந்துகொள்கின்றன. முக்கால் லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, ஒரு கிராம் உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கிட்டத்தட்ட 8 சதவீதக் கரைசல். கடைப் பானங்களின் அடர்த்தியும் இதை ஒட்டியதுதான். திகட்டினால் ஒரு பகுதிக்கு மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பொடி சேர்க்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் இவற்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் குடலைப் பழக்க வேண்டும். வாரக் கடைசி லாங் ரன்னில் மணிக்கு 30 கிராமில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக ஏற்றினால் குடல் கேட்டுக்கொள்ளும். வெயிலும் புழுக்கமும் கூடும்போது ரத்தம் தோலுக்குத் திரும்பி, குடலுக்குப் போவது குறையும். வியன்னாவின் குளிர்ந்த காலையில் செல்லுபடியான அளவு, விடிந்து மணி எட்டானபின் கடற்கரைச் சாலையில் செல்லுபடியாகாது. போட்டிக்கு முந்தைய நாள் கண்காட்சிக் கடையில் தள்ளுபடியில் கிடைத்தது என்று புது ஜெல்லை வாங்கி, மறுநாள் காலையில் முதன்முதலாகச் சுவைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

போட்டி நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. பாஸ்டனில் எந்த மைலில் எந்தப் பானம், எந்த ஜெல் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். நம்மூர்ப் போட்டிகள் பலவற்றில் ‘வழியில் எனர்ஜி டிரிங்க் கிடைக்கும்’ என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். பானத்தின் பெயர், ஒரு கோப்பையில் எத்தனை கிராம் மாவுச்சத்து, எந்தெந்தக் கிலோமீட்டரில் கிடைக்கும் என்ற மூன்றையும் பதிவு தொடங்கும் நாளிலேயே வெளியிடுங்கள்.