சாண்டோ சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

கையில்லாத பனியனை நாம் 'சாண்டோ பனியன்' என்கிறோம். படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' என்ற பட்டம் நின்றது. இரண்டும் நினைவூட்டுவது ஒரே மனிதரை. அவர்தாம் யூஜின் சாண்டோ. 1867-இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்து, 1925-இல் லண்டனில் மறைந்த பலசாலி. 1894-இல் எடிசனின் திரைப்படக் கருவிக்கு முன் நின்று தம் தசைகளை இயக்கிக் காட்டியவர். பின்னர் இந்தியாவுக்கும் வந்து மேடைகளில் தோன்றியவர்.

1897-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் பெயரைத் 'பலமும் அதைப் பெறும் வழியும்' என்று தமிழில் சொல்லலாம். உலகெங்கும் இளைஞர்கள் அதைப் படித்துக் கையில் டம்பெல்லை எடுத்தார்கள். நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு அதை ஏன் ஆராய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. தசை வளர்ப்பதாகச் சொல்லும் இன்றைய விளம்பரங்கள் பலவும் இந்நூலின் பாணியையே பின்பற்றுகின்றன. ஆகவே மூலத்தை நிறுத்துப் பார்த்தால் நகல்களின் எடையும் தெரிந்துவிடும்.

நூல் என்ன சொல்கிறது?

சாண்டோவின் முறை எளியது. கனமில்லாத டம்பெல்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், இயங்கும் தசையின்மீது மனத்தை முழுவதும் செலுத்துங்கள், நாள்தோறும் செய்யுங்கள். எந்த வயதினர் எத்தனை முறை செய்வது, எண்ணிக்கையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்பதற்கு அட்டவணைகளும் தருகிறார். அவற்றோடு, அவர் முறையால் பயனடைந்த மாணவர்களின் கடிதங்களும் பிற்பதிப்புகளில் இடம்பெற்றன.

மனத்தைச் செலுத்தும் பேச்சு வெறும் வித்தை என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு சிந்திக்க வைக்கிறது. பயிற்சி இல்லாத இளைஞர்கள் எட்டு வாரம் பளுப் பயிற்சி செய்தார்கள். தசை இறுகுவதைக் கவனித்துச் செய்தவர்களுக்கு, முழங்கையை மடக்கும் தசையின் தடிப்பு சுமார் 12 சதவீதம் கூடியது. தூக்கி முடிப்பதையே கவனித்தவர்களுக்குச் சுமார் 7 சதவீதம்தான். தொடைத் தசையில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எனவே கையைப் பொறுத்தவரை சாண்டோ சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும்.

கனமில்லாத பளு பற்றியும் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. தசை களைத்து, இனி ஒரு முறைகூட முடியாது என்ற நிலையை நெருங்கும்வரை செய்தால், குறைந்த பளுவாலும் தசை பருக்கிறது என்று 2012-இல் கனடாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் பெரும் பளுவைத் தூக்கும் வலிமை வேண்டுமானால் பெரும் பளுவையே பழக வேண்டும். மேடையில் பெருஞ்சுமைகளைத் தூக்கிப் புகழ்பெற்ற சாண்டோ, படிப்பவருக்குச் சிறு டம்பெல்லைக் காட்டியது நூலின் முதற் குறை.

சொல்லாமல் விட்டது

பெரிய குறை கடிதங்களில் இருக்கிறது. கை பருத்தவர் கடிதம் எழுதுவார். பருக்காதவர் டம்பெல்லைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். வென்றவர்களை மட்டும் எண்ணினால் எந்த முறையும் வெற்றி முறைதான்!

எல்லாரையும் எண்ணினால் என்ன தெரியும்? 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 585 ஆண்களும் பெண்களும் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் ஒரே விதமான பயிற்சி செய்தார்கள். சிலருக்கு இருதலைத் தசையின் பருமன் சிறிதும் கூடவில்லை. ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. உழைப்பு ஒன்று, பலன் வேறு. பிறவிக் கூறும் இதில் பங்கு கொள்கிறது. ஆகவே அண்டை வீட்டு அண்ணனின் கையை உங்கள் கைக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் நூல் சொல்லவில்லை; அக்காலத்தில் அது தெரிந்திருக்கவும் இல்லை. தொடக்க வாரங்களில் கூடும் வலிமைக்குப் பெரும் காரணம் தசை அன்று, நரம்பு. மூளையும் தண்டுவடமும் தசைநார்களை முன்னிலும் மிகுதியாக இயக்கப் பழகிக்கொள்கின்றன. 1979-இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது பயிற்சியே செய்யாத மறு கையும் வலிமை பெற்றது! அந்தக் கை பருக்கவில்லை, நரம்புதான் கற்றுக்கொண்டது. தசை பருப்பது மேலோங்குவது சில வாரங்கள் கழித்தே.

இளைஞர் பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். மூன்று வாரம் உழைத்தும் கண்ணாடி ஒன்றும் காட்டவில்லையே என்று சோர்கிறார்கள். சிலர் அந்தச் சோர்வில் ஊசிமருந்து விற்பவனிடம் போகிறார்கள். ஆண் இயக்குநீரைப் போன்ற அம்மருந்துகள் உடல் தானே அதைச் சுரப்பதைக் குறைத்துவிடும், விரைகள் சுருங்கும், இதயமும் கெடும். மூன்று வாரத்தில் நடப்பது இன்னதென்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களில் சிலரேனும் தப்பியிருப்பார்கள்.

நாடாவும் கணக்கும்

கண்ணாடி ஏன் காட்டுவதில்லை? மூன்று மாதத்தில் மேற்கையின் சுற்றளவு 30 செ.மீ.யிலிருந்து 31 ஆனதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வளர்ச்சி. தினமும் பார்க்கும் கண் இதை எப்படி அறியும்? அந்த ஒரு செ.மீ.யை அற்பமென்று எண்ணவும் வேண்டாம். பரப்பு, சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 900-க்கு 961. அதாவது கையின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 7 சதவீதம் கூடியிருக்கிறது.

அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பயிற்சி முடித்தவுடன் தசையில் நீரும் இரத்தமும் மிகுந்து கை சற்று வீங்கியிருக்கும், அது வளர்ச்சியாகாது. மாதம் ஒரு முறை, காலையில், பயிற்சிக்கு முன், கையைத் தளர்த்தி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரே இடத்தில் அளந்து பாருங்கள். முன்புறத்து இருதலைத் தசையை மட்டும் வளர்க்காதீர்கள். மேற்கைத் தசையில் பாதிக்கு மேல் பின்புறத்து முத்தலைத் தசைதான். தண்டால் அதற்கு நல்ல பயிற்சி.

நாடாவைவிட நம்பத்தக்கது ஒரு நோட்டுப் புத்தகம். இன்று 5 கிலோவை 8 முறை தூக்கினால் அதை எழுதுங்கள். அடுத்த மாதம் 12 முறை தூக்கினால் அதுவும் வளர்ச்சியே. பிறகு பளுவைச் சிறிது கூட்டி, மீண்டும் 8-இலிருந்து தொடங்குங்கள்.

சாண்டோவின் நூல் பொய் நூல் அன்று. படிப்படியாகக் கூட்டு என்ற அதன் அட்டவணை இன்றும் நிற்கிறது. வென்றவர்களை மட்டும் காட்டிய அதன் கடிதப் பக்கங்கள் நிற்கவில்லை. இனி எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதே முறையில் உழைத்தும் கை பருக்காதவர்கள் எத்தனை பேர்? பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பயிற்சியை மட்டும் தொடருங்கள்.