குரூஸோவின் வேலி

ராபின்சன் குரூஸோவின் கதை தெரியாத வாசகர்கள் நம்மில் அதிகம் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துத் துணைப்பாடமாகவோ, படம் போட்ட சிறுவர் புத்தகமாகவோ அது எப்படியாவது நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. கப்பல் உடைகிறது, ஒருவன் மட்டும் தப்பித் தீவில் ஒதுங்குகிறான், 28 ஆண்டுகள் தன் கையையே நம்பி வாழ்கிறான். இவ்வளவுதான் நினைவில் நிற்கும் கதை. ஆனால் டானியல் டீபோ 1719-இல் வெளியிட்ட முழு நூல் இந்தச் சுருக்கத்தைவிடப் பெரியது. பல இடங்களில் இந்தச் சுருக்கத்துக்கே விரோதமானது. ஒரு பொருள் ஒருவனுக்கு எப்படிச் சொந்தமாகிறது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இது புலப்படும்.

அந்தக் கேள்வி அக்காலத்து இங்கிலாந்தில் வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. தலை போகிற கேள்வியாக இருந்தது. கடவுள் உலகத்தை ஆதாமுக்குக் கொடுத்தார், ஆதாமின் அதிகாரமே அரசர்களுக்கு வந்திருக்கிறது, ஆகவே குடிகளின் நிலமும் வீடும் அரசனுடைய தயவால் அவர்களிடம் இருப்பவை என்ற பொருள்பட ராபர்ட் ஃபில்மர் எழுதிய நூல், அவர் இறந்து வெகுநாள் கழித்து 1680-இல் அச்சாயிற்று. அதை மறுத்து அல்ஜர்னன் சிட்னி எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதி நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியாயிற்று; 1683-இல் அவர் தலையை வெட்டினார்கள். அதே ஆண்டு ஜான் லாக் ஹாலந்துக்குத் தப்பி ஓடினார். ஃபில்மருக்கு அவர் எழுதிய மறுப்பு, ஜேம்ஸ் அரசன் நாட்டை விட்டு ஓடிய பிறகு, 1689-இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. அது தம்முடையது என்பதை 1704-இல் தம் உயிலில்தான் லாக் ஒப்புக்கொண்டார்.

லாக்கின் வாதம் எளிமையானது. பூமி எல்லோருக்கும் பொது. ஆனால் அவனவன் உடல் அவனவனுக்குச் சொந்தம். ஆகவே அந்த உடலின் உழைப்பும் அவனுக்கே சொந்தம். பொதுவில் கிடக்கும் ஒன்றில் அவன் தன் உழைப்பைக் கலந்துவிட்டால் அது அவனுடையதாகிவிடுகிறது. இதற்கு அரசனுடைய அனுமதியும் வேண்டாம், ஊராருடைய சம்மதமும் வேண்டாம். சட்டத்துக்கும் அரசுக்கும் முந்திய இயற்கை உரிமை இது. அரசு ஏற்பட்டதே இதைக் காப்பாற்றத்தான். இரண்டு நிபந்தனைகள் உண்டு. மற்றவர்களுக்கும் அதே தரத்தில் போதுமான அளவு மிஞ்சியிருக்க வேண்டும். எடுத்தது அழுகி வீணாகக் கூடாது. பிறகு பணம் வருகிறது. தங்கமும் வெள்ளியும் அழுகுவதில்லை. அவற்றைக் குவிப்பதால் எதுவும் வீணாவதில்லை. பணத்தை ஒப்புக்கொண்ட மனிதர்கள் ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று லாக் முடிக்கிறார்.

இதை வாதம் என்பதைவிடக் கதை என்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் இல்லாத நிலம், அதில் ஒரு தனி மனிதன், அவன் கையில் ஒரு மண்வெட்டி. கதை நடக்கும் இடமாக லாக் அமெரிக்காவை வைத்துக்கொள்கிறார். அங்கே ஆட்கள் இருந்தது அவருக்குத் தெரியாததல்ல. கரோலினாக் குடியேற்றத்தின் உரிமைப் பிரபுக்களுக்குச் செயலாளராக இருந்தவர் அவர். அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கும் வைத்திருந்தார். அமெரிக்கப் பழங்குடி கொன்ற மானை அவனுக்கே உரியது என்று கொடுத்துவிடுகிறார். மான் ஓடிய காட்டைக் கொடுப்பதில்லை. இன்னோர் இடத்தில், குதிரை மேய்ந்த புல்லையும், வேலைக்காரன் வெட்டிய புல்மண்ணையும், தானே தோண்டிய உலோகத்தையும் ஒரே வரிசையில் வைத்து, மூன்றும் எஜமானனுக்குச் சொந்தம் என்று சொல்லிப் போகிறார். வேலைக்காரனின் உழைப்பு எஜமானனின் உழைப்பாக எப்போது மாறிற்று என்று கேட்க அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

தத்துவாசிரியர் அப்படிச் சொல்லிப் போகலாம். நாவலாசிரியனால் முடியாது. மண்வெட்டி யார் கையில் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்லியாக வேண்டும். டீபோ லாக்கைத் திருத்துவதற்காக எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவரும் லாக்கின் பக்கத்துக்காரர்தாம். 1685-இல் ஜேம்ஸுக்கு எதிராக மான்மத் பிரபு நடத்திய கலகத்தில் சேர்ந்தவர். ஆனால் ஜாபிதா போடுவதில் அவருக்கு இருந்த மோகம், கட்சி அபிமானத்தைவிடப் பெரியதாக இருந்தது. அந்த மோகமே நாவலைக் காப்பாற்றியது.

முதலில் எல்லாம் லாக் சொன்னபடியே நடக்கிறது. உதறிப் போட்ட பையிலிருந்து சில வாற்கோதுமைக் கதிர்கள் முளைக்கின்றன. குரூஸோ அவற்றை உண்ணாமல் விதைக்கிறான், விளைந்ததையும் விதைக்கிறான், நாலாவது ஆண்டில்தான் கொஞ்சம் வாயில் போடுகிறான். மரம் வேண்டிய மட்டும் இருக்கிறது. தேவைக்கு மேல் வெட்டினால் மட்கித்தான் போகும் என்று அவனுக்கே தெரிகிறது. ஆனால் இந்த உழைப்பு வெறுங்கையால் தொடங்கியதல்ல. தச்சன் பெட்டி, கோடரிகள், துப்பாக்கிகள், வெடிமருந்து, ரொட்டி, அரிசி, பாய்த்துணி என்று உடைந்த கப்பலிலிருந்து பல நடையாக அவன் கொண்டுவந்து சேர்த்ததை டீபோ ஒன்றுவிடாமல் எழுதுகிறார். எத்தனையோ பட்டறைகளின் உழைப்பு அந்தத் தெப்பத்தில் வந்து இறங்குகிறது. தனி மனிதன் என்று நாம் நினைத்தவன், ஊரையே முதுகில் சுமந்துகொண்டு கரையேறியிருக்கிறான்.

தனி உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நாவலில் கணக்கு இருக்கிறது. ஒரு பெரிய மரத்தை வெட்டிக் குடைந்து ஓடமாக்க அவனுக்கு ஏறக்குறைய 5 மாதம் ஆகிறது. முடித்த பிறகு அதைத் தண்ணீருக்கு நகர்த்த முடியவில்லை, காட்டிலேயே விட்டுவிடுகிறான். லாக்கின் விதிப்படி அந்த ஓடம் முழுக்க முழுக்க அவனுடையதே. உபயோகம்தான் இல்லை. பல ஆண்டுகள் கழித்து ஃப்ரைடேயும் அவனும் சேர்ந்து ஒரு மாத வேலையில் இன்னொரு ஓடம் செய்கிறார்கள். எந்த மரம் ஏற்றது என்பது ஃப்ரைடேக்குத்தான் தெரிகிறது. இருவருமாக உருளைகள் மேல் தள்ளி, இரண்டு வாரத்தில் கடலில் இறக்கிவிடுகிறார்கள்.

நாவலின் நடுவில் வரும் காலடித் தடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் பலருக்கு நினைவிருப்பதில்லை. 15 ஆண்டுகள் யாரும் மறுக்காத சொத்து அது. மணலில் ஒரே ஒரு பாதச் சுவட்டைக் கண்டதும், வேலிகளைப் பிடுங்கி எறியலாமா, ஆடுகளைக் காட்டில் விரட்டிவிடலாமா, பயிர் நிலத்தைக் கொத்தி அடையாளம் தெரியாமல் செய்துவிடலாமா என்று அவன் துடிக்கிறான். கடைசியில் அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது மதில் எழுப்புகிறான். 7 துப்பாக்கிகளைப் பீரங்கிபோல் அதில் பொருத்துகிறான். ஏறக்குறைய 20,000 கழிகளை நட்டுத் தன் இருப்பிடத்தைக் காட்டுக்குள் மறைக்கிறான். உரிமை என்ற சொல்லுக்கு இன்னொரு மனிதன் வரும்வரை அர்த்தமே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதன் வந்தபோது லாக் எதிர்பார்த்த நியாய புத்தி வரவில்லை, பயம்தான் வந்தது.

குரூஸோ மனச்சாட்சி இல்லாதவன் அல்ல. நரமாமிசம் தின்ன வருகிறவர்களைச் சுட்டுக் கொல்லத் தனக்கு என்ன உரிமை, அவர்கள் தனக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறான். ஆனால் அவர்கள் தனக்கு முன்பிருந்தே வந்துபோகும் தீவு தன்னுடையது எப்படி ஆயிற்று என்று அவன் யோசிப்பதே இல்லை. ஃப்ரைடேக்கு அவன் முதலில் கற்றுக்கொடுக்கும் சொற்களில் ஒன்று எஜமான் என்பது. ஃப்ரைடே வேலி போடுகிறான், உழுகிறான், விதைக்கிறான். லாக்கின் விதிப்படி அந்த நிலத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. அதைக் குரூஸோவும் நினைக்கவில்லை, டீபோவும் நினைத்ததாகத் தெரியவில்லை. இதற்கும் முன்னால் ஸூரி என்ற பையன் ஒருவன் இருந்தான். மூர்களிடமிருந்து குரூஸோவோடு சேர்ந்து தப்பியவன். அவனைப் போர்த்துகீசியக் கப்பல் தலைவனுக்கு 60 வெள்ளி நாணயங்களுக்குக் குரூஸோ கொடுத்துவிடுகிறான். பிறகு பிரேசில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் போதாதபோதுதான் அவனை விட்டது தவறு என்று வருந்துகிறான்.

இந்தத் தோட்டம்தான் கதையின் கடைசிக் கணக்கைத் தீர்க்கிறது. தீவில் பட்ட பாடு குரூஸோவைப் பணக்காரனாக்கவில்லை. லிஸ்பனுக்கு வந்து சேர்ந்தபோது கையில் 5,000 பவுனுக்கு மேல் ரொக்கமும், ஆண்டுக்கு 1,000 பவுனுக்கு மேல் வரும்படியும் இருப்பதைக் காண்கிறான். எல்லாம் அவன் இல்லாதபோது, கூட்டாளியின் மேற்பார்வையில், அடிமைகள் உழைத்து வளர்ந்தவை. அதை அவனுக்குக் கொடுத்தது மண்வெட்டி அல்ல. பத்திரங்களும் தர்மகர்த்தாக்களின் கணக்குப் புத்தகமும். தீவில் அவன் சேர்த்து வைத்திருந்த நாணயமோ கறுத்துப்போய், கைபட்டுத் தேய்ந்தால்தான் வெள்ளி என்று தெரியும் நிலையில் இருந்தது.

அப்படியானால் இயற்கை உரிமை என்பதே பொய், சொத்து சட்டம் தரும் வரம் மட்டுமே என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. சொத்து மனிதர்களின் ஏற்பாடு என்று 1740-லேயே டேவிட் ஹியூம் எழுதினார். எனக்கு அதில் பயம் உண்டு. சட்டம் கொடுத்தது மட்டும்தான் சொத்து என்றால், சட்டம் கையில் உள்ளவன் அதை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். ஃபில்மரின் அரசன் வேறு உடுப்பில் திரும்பி வந்துவிடுவான். சிட்னியின் தலை வீணாகப் போயிருக்கும்.

ஆகவே லாக்கைக் கைவிட நான் தயாராக இல்லை. அவர் சொன்னதை அவரைவிட நாணயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்ஸ்கின் என்ற ஆங்கிலேயர் அதைச் செய்து பார்த்தார்: உழைப்பால் வரும் சொத்து இயற்கையானது, உழைக்காதவனுக்குச் சட்டம் வாங்கித் தருவது செயற்கையானது என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவினை நடைமுறையில் சுலபமல்ல. ஒவ்வொரு சொத்திலும் கோடரியும் கப்பலும் ஃப்ரைடேயும் கலந்து கிடக்கிறார்கள். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. என் உழைப்பு, ஆகவே என்னுடையது என்று சொல்லும் உரிமை ஒருவனுக்கு உண்டு என்றால், அவனுக்குப் பக்கத்தில் நின்று உழைத்தவனுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை உண்டு. குரூஸோவை முழுமையாகப் படிக்கிறவர்கள், ஃப்ரைடே அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் எஜமான் என்ன பதில் கூறியிருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.