மேடை மறந்தது, மாணவர் மறக்கவில்லை

1750இல் இறந்த பாக்கை உலகம் மறந்தது. 1829இல் இருபது வயது மெண்டல்சோன் பெர்லினில் 'மத்தேயு பேஷன்' நடத்தி மீட்டார் என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன்.

மறந்தது மேடைதான். 'வெல்-டெம்பர்ட் கிளாவியர்' முதல் தொகுதி 1722இல் உருவானது. முழுதாக அச்சேறியது 1801இல். இடையில் அது ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைப்பிரதியாகவே சென்றது. பான் நகரில் சிறுவன் பீத்தோவன் அதைப் பழகித்தான் வளர்ந்தார். மெண்டல்சோனிடம் 'பேஷன்' வந்ததும் பாட்டி பரிசளித்த பிரதியாகத்தான்.

அதன் முதல் பிரெலூடை இப்போது என் மகள் தடுமாறித் தடுமாறி வாசிக்கிறாள். அரங்கில் கேட்ட தேர்ந்த வாசிப்புகள் பாக்கின் மேதைமையைக் காட்டின. அவர் எப்படிப் பிழைத்தார் என்பதை இந்தத் தடுமாற்றத்தில்தான் கேட்கிறேன்.